போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் போதுமா?

படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைக்குமுன் ஆதார் நகலும் போலீஸ் வெரிஃபிகேஷனும் கேளுங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் அது திருட்டுப் பயத்துக்கு. படுக்கையில் கிடப்பவருக்கு அதனால் என்ன லாபம்?

வருபவர் நர்ஸ்தானா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேட்டால் "நல்லா டிரெயினிங் எடுத்தவங்க சார்" என்று ஏஜென்சிக்காரர்கள் மழுப்புவார்கள். குளிப்பாட்ட, சோறூட்ட, டயப்பர் மாற்ற அட்டெண்டர் போதும், தப்பேயில்லை. ஊசி போடவும் மூக்கு டியூப் மாற்றவும் அவரையே விடுவதுதான் ஆபத்து.

பக்கவாதத்தில் படுத்த அப்பாவுக்கு வந்தவர் பிரஷர் நோட்டை முத்து முத்தாக எழுதுவார். காலை, மாலை, எந்நாளும் 120/80. மெஷினை எடுத்துப் பார்த்தால் உள்ளே பேட்டரியே இல்லை!

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய்ப் போர்வையை விலக்குங்கள். முதுகின் அடிப்பக்கம், குதிகால் இரண்டும் முக்கியம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லையென்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. 2 மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதில்லை என்று சந்தேகப்படலாம். டியூபில் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா? மட்டமாகப் படுக்க வைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும்.

இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களைக் கேர் குவாலிட்டி கமிஷன் என்ற கண்காணிப்பு அமைப்பு ஆய்வு செய்து, அறிக்கையை இணையத்தில் போடுகிறது. இங்கே நாம்தான் இன்ஸ்பெக்டர்.

அப்புறம், 24 மணி நேர டியூட்டிக்கு ஒரே ஆள் என்றால் அவர் எப்போது தூங்குவார்? ஏஜென்சி நம்மிடம் வாங்கும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேட்டு வையுங்கள்.