முக்திநாத் யாத்திரையில் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள்

நெல்லைச் சீமையில் பிறந்த பெருமாள் பக்தர்களுக்கு நவதிருப்பதியும் வானமாமலையும் திருக்குறுங்குடியும் காலையில் புறப்பட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும் தூரம். 108 திவ்ய தேசங்களில் பூமியில் சேவிக்கக் கூடியவை 106. அதில் கடைசிவரை மிஞ்சி நிற்பது பெரும்பாலும் சாளக்கிராமம், அதாவது நேபாளத்து முக்திநாத். முட்டி தேய்ந்து, சுகரும் பிரஷரும் வந்த பிறகுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் அங்கே கிளம்புகிறார்கள். இந்த வருஷ டூர் நோட்டீஸ்களைப் பார்த்ததும் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எல்லா நோட்டீஸிலும் ஒரே வரி: "பொக்ராவிலிருந்து ஜோம்சோம் விமானம், அன்றே தரிசனம், மறுநாள் காலை திரும்புதல்." பொக்ரா நேபாளத்து நகரம்; ஜோம்சோம் முக்திநாத்துக்குப் பக்கத்தில் விமானம் இறங்கும் மலை ஊர். அந்த வரி எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜோம்சோம் ஓடுதளம் 2,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நம் பொதிகை உச்சியே 1,870 மீட்டர் பக்கம்தான். ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தவளகிரி, இரண்டும் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டியவை. நடுவில் காலி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு. சாளக்கிராமக் கல் கிடைப்பதும் அந்த ஆற்றில்தான். ஆடி மாதம் பணகுடி, காவல்கிணறு பக்கம் பைக்கில் போனவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று என்ன செய்யும் என்று தெரியும். மலை இடுக்கில் நுழையும் காற்று அப்படித்தான் வேகம் எடுக்கும். காலி கண்டகியில் வெயில் ஏற ஏற வடக்கே முஸ்டாங் மேட்டுநிலம் சூடாகி, தெற்கிலிருந்து காற்றைப் பள்ளத்தாக்கு வழியே இழுக்கிறது. முற்பகல் தாண்டினால் சிறு விமானங்கள் அங்கே இறங்குவது கஷ்டம். அதனால்தான் எல்லாச் சேவையும் காலையிலேயே.

காற்று மட்டும் இல்லை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்கும் விசையும் குறைவு, இன்ஜின் பலமும் குறைவு. இறங்க முடியாமல் மறுபடி எழும்ப நினைத்தால் சமவெளியில் மாதிரி சட்டென்று எழும்பாது. திரும்பலாம் என்றால் இரண்டு பக்கமும் மலை. நெருக்கித் திரும்பத் திரும்ப, விமானம் விழாமல் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் கூடிக்கொண்டே போகும்.

2012 மே 14 அன்று பொக்ராவிலிருந்து 21 பேரோடு போன டோர்னியர் விமானம் ஜோம்சோமில் இறங்க முயன்றது. முடியாமல் திரும்பும்போது பக்கத்து மலையில் மோதியது. 15 பேர் இறந்துபோனார்கள். அதில் 13 பேர் இந்தியர்கள், பெரும்பாலும் முக்திநாத் யாத்திரீகர்கள். அது நடந்ததும் காலை வேளையில்தான். மறு வருஷம் அதே ஊரில் இன்னொரு விமானம் ஓடுதளத்தைத் தாண்டி ஆற்றில் போய் நின்றது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. 2016-இல் 23 பேர், 2022-இல் 22 பேர் இறந்தார்கள், இரண்டும் இதே பொக்ரா-ஜோம்சோம் வழியில், இரண்டிலும் விமானம் மேகத்துக்குள் போய் மலையில் மோதியது. 2011-இல் எவரெஸ்ட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காட்மாண்டுவில் இறங்க வந்த சிறு விமானத்தில் இறந்த 19 பேரில் எட்டுப் பேர் திருச்சிக்காரர்கள். நமக்குச் சம்பந்தமில்லாத தேசத்து விஷயம் என்று எப்படி விட முடியும்?

என் பெரியம்மா போன குழுவில் காற்று சரியில்லை என்று ஒரு காலைச் சேவை ரத்தானது. மறுநாளும் அப்படியே. காட்மாண்டுவில் திரும்பும் டிக்கெட் போட்டாயிற்று, கையில் நாள் இல்லை. அப்புறம் பொக்ரா விமான நிலையத்தில் ஒரே சத்தம். "இவ்வளவு தூரம் வந்து பெருமாளைச் சேவிக்காமல் போறதா, அந்த பைலட்டிடம் பேசுங்கய்யா" என்று டூர் நடத்தியவரை நெருக்கியிருக்கிறார்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆயுள் முழுக்கச் சேர்த்த ஆசை அது. ஆனால் போக வேண்டாம் என்று பைலட் சொல்லும்போது அவரை நெருக்குவது, அத்தனை பேர் உயிரையும் வைத்துப் பேரம் பேசுவது. அந்தப் பேரத்தை உண்டாக்கியது பெரியவர்களின் பக்தி இல்லை. ஒரு நாள்கூட மிச்சம் வைக்காமல் போட்ட பயணத் திட்டம்.

"அந்தச் சன்னிதி போற வழியில உயிர் போனா புண்ணியம்தானே" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அந்த விமானத்தில் பக்தர்கள் மட்டுமா உட்கார்ந்திருக்கிறார்கள்? பைலட்டும் பணிப்பெண்ணும் வேலைக்கு வந்தவர்கள், அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

பெனி என்ற ஊர் வழியாக ஜீப்பில் போகலாம் என்பார்கள். போகலாம்தான், ஆனால் அந்த ரோடும் சுகமானது இல்லை, மழைக்காலத்தில் மண் சரியும், பெரியவர்களின் இடுப்பு ஒரு வழி ஆகிவிடும். விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காத்திருக்க நாள் வேண்டும் என்கிறேன்.

நம் ஊரில் டூர் நடத்தும் அண்ணாச்சிகளே, பொக்ராவில் இரண்டு நாள் சும்மா வையுங்கள். விமானம் போகாவிட்டால் என்ன செய்வீர்கள், பணம் எவ்வளவு திரும்ப வரும், அந்த இரண்டு நாள் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் யாருடையது என்பதையும் நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள், முன்பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.