"உங்கள் வழியிலா, அவர் வழியிலா?"

நேற்று தண்டையார்பேட்டையில் ஒரு வளைகாப்பு. என் மகளின் காதுக்குப் பின்னால் இருந்த கருவியைப் பார்த்த ஒரு பெரியம்மா, என் கையைப் பிடித்து இழுத்து, "உங்கள் வழியிலா, அவர் வழியிலா?" என்று கேட்டார். ஏழு வருடங்களாக இந்தக் கேள்வியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெரியம்மா, காது கேளாமை பரம்பரையாக வரும்போது பெரும்பாலும் இரண்டு வழியிலும்தான் வருகிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் குறை சேர்ந்தால்தான் குழந்தைக்குக் காது கேட்காமல் போகிறது. பெற்றவர்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்கும். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் அந்த ஆபத்து கூடும், உண்மைதான். கர்ப்பத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை, பிறந்த குழந்தைக்கு வரும் கடுமையான மஞ்சள் காமாலை என்று வேறு காரணங்களும் உண்டு. கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்தது அதில் சேராது.

மகளுக்கு அப்போது ஒரு வயது. அடுப்படியில் எவர்சில்வர் தட்டு கை நழுவி விழுந்தது. ஜன்னலில் இருந்த பூனை துள்ளி ஓடியது. இவள் பாயில் உட்கார்ந்து கரண்டியைச் சப்பிக்கொண்டே இருந்தாள். அன்று மதியம் முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் அந்தத் தட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒருமுறை திரும்பினாள். என் நிழல் பட்டுத் திரும்பியிருக்கிறாள் என்பது பிறகுதான் புரிந்தது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த உதவியை உயிருள்ளவரை மறக்கமாட்டேன். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே குழந்தை பேசிவிடும் என்று ஊரே நினைக்கிறது. கேட்பது ஓசை என்பதையே மூளை மெல்ல மெல்லப் பழக வேண்டும். அந்தப் பயிற்சியின் பெரும்பங்கு வீட்டில், அதாவது அம்மாவின் தலையில். குழாயடியில், துணி துவைக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஒரு வார்த்தை வராத நாளெல்லாம் நான் குறைவாகப் பேசிவிட்டேனோ என்றே தோன்றும்.

ஒரு பயிற்சி மையத்தில், கைச்சாடை காட்டினால் பேச்சு வராது என்றார்கள். நம்பினேன். தாகமெடுத்து அவள் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனபோது அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "தண்ணி" என்று சொல்லும்வரை டம்ளரை நீட்டவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. இப்போது நாங்கள் வாயாலும் பேசுகிறோம், கையாலும் பேசுகிறோம். பேச்சு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

என்னைத் தாங்கியது பயிற்சி அறைக்கு வெளியே கிடந்த ஒரு பெஞ்சு. திருவொற்றியூரிலிருந்து ஓர் அக்கா, வியாசர்பாடியிலிருந்து ஒரு சின்னப் பெண், நான். அங்கேதான் வாய்விட்டு அழுதேன். அழுவதால் குழந்தையின் மேல் பாசம் குறைந்துவிட்டது என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

அந்தப் பெஞ்சில் ஓர் அப்பாவைக்கூட நான் பார்த்ததில்லை. என் கணவர் மொட்டைமாடியில் தனியாக அழுவார். கேட்டால் கண்ணில் தூசி என்பார். பயிற்சி மையங்களை நடத்துகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: மாதத்தில் ஒருநாள், அரைமணி நேரம், பெற்றோரை மட்டும் உட்காரவைத்துப் பேசுங்கள். அப்பாக்களைப் பெயர் சொல்லி அழையுங்கள். என் கணவர் துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்துவிடுவார்.