மலிவு விலைத் தட்டுக்குப் பின்னால் இருந்த செவி

மலிவுப் பதிப்பு என்றாலே தரம் குறைந்த சரக்கு என்று மனத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். மேற்கத்தியச் செவ்வியல் இசையில் அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு அமெரிக்காவின் நன்சச் (Nonesuch) இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் பதினைந்து ஆண்டுகளே சாட்சி.

1964இல் நியூயார்க்கில், நாட்டுப்புறப் பாடல்களுக்குப் பேர்போன எலெக்ட்ரா நிறுவனத்தின் ஜாக் ஹோல்ஸ்மன் இதைத் தொடங்கினார். ஐரோப்பிய நிறுவனங்கள் ஏற்கெனவே பதிவுசெய்து வைத்திருந்த இசையை உரிமம் பெற்று வெளியிட்டால், வாத்தியக் குழுவுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் செலவழிக்க வேண்டியதில்லை, நீண்ட நேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டு ஒன்றை நல்ல காகித அட்டைப் புத்தகத்தின் விலைக்கு, அதாவது இரண்டரை டாலருக்கு விற்றுவிடலாம் என்பது அவருடைய கணக்கு. முன்னணி நிறுவனங்களின் தட்டுகள் அப்போது ஏறத்தாழ இருமடங்கு விலையில் இருந்தன.

விலை குறைந்தது, விற்பனை கூடியது என்று மட்டும் இந்த வரலாற்றைச் சுருக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முழு விலை கொடுப்பவர் பெரும்பாலும் தமக்குத் தெரிந்த பீத்தோவனையே வாங்குவார். பிடிக்காமல் போனாலும் நட்டம் பெரிதில்லை என்ற நிலையில்தான், பெயர்கூடக் கேள்விப்படாத, பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் பரோக் காலத்து இசையமைப்பாளர் ஒருவரின் தட்டைக் கையில் எடுக்கத் துணிவு வரும். அந்தத் தட்டுகளில் ஒன்றைப் பார்த்தாலே இது புரியும். உறையின் முன்பக்கம் கண்ணைப் பறிக்கும் வண்ணச் சித்திரம். திருப்பினால், அந்த இசையின் பின்னணியை விளக்கும் கட்டுரை பொடி எழுத்தில் நெருக்கமாக அச்சாகியிருக்கும். குறைந்த விலைக்கு இவ்வளவு போதும் என்ற அலட்சியம் எங்கும் தென்படாது.

இந்தக் கவனத்துக்கு உரியவர் 1965இல் நன்சச்சின் பொறுப்பை ஏற்ற தெரசா ஸ்டெர்ன். சிறுவயதிலேயே மேடையேறிய பியானோ கலைஞர் அவர். மறுவெளியீடுகள் ஈட்டித் தந்த நம்பிக்கையையே முதலாக வைத்து, எவரும் தொடத் தயங்கிய புதிய இசைக்கு அவர் இடம் கொடுத்தார். மார்ட்டன் சபாட்னிக்கின் மின்னணு இசை 1967இல் எல்.பி. தட்டுக்கென்றே எழுதப்பட்டு வெளிவந்தது. அவ்வாறே நன்சச் கேட்டு எழுதுவித்த சார்ல்ஸ் வோரினெனின் மின்னணுப் படைப்புக்கு 1970இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மறக்கப்பட்டுக் கிடந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினின் பியானோ இசையை அதே ஆண்டில் ஜோஷுவா ரிஃப்கின் வாசிக்க வெளியிட்டதும் நன்சச்தான்; அது விற்றுத் தள்ளியது.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. உலக மக்களின் இசைக்காக 1967இல் தொடங்கிய எக்ஸ்ப்ளோரர் வரிசையில் இராமநாதபுரம் கிருஷ்ணனின் கர்நாடக சங்கீதமும் வெளிவந்தது. நிதானம் குலையாத அந்தப் பாட்டை, வணிகத்துக்காக எங்கும் வெட்டிச் சுருக்கியதாகத் தோன்றாத வகையில் கேட்கும்போது, பதிப்பாளரின் செவிமீது எனக்குப் பெரும் மரியாதை உண்டாகிறது. 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு பூமியின் ஒலிகளைச் சுமந்து சென்ற தங்கத் தட்டில் உள்ள, ஜாவாவின் உலோகத் தாளவாத்தியக் குழு இசையான கமெலானும் ஜப்பானியப் புல்லாங்குழலும் இந்த வரிசையிலிருந்து எடுக்கப்பட்டவையே.

இத்தனையும் செய்த ஸ்டெர்னை 1979இன் இறுதியில் நிர்வாகம் பதவியிலிருந்து நீக்கியது. இசையுலகினர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தும் முடிவு மாறவில்லை. விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்தவர்கள் செய்த இந்தத் தவறை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. பழைய தட்டுகளின் பின்னட்டையில் அவர் பெயர் சிறிய எழுத்தில் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று மட்டுமே இருக்கிறது.