டீசல் காருக்கு எதுக்குங்க சைலன்சர் வேலை?

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸில் வந்து கேட்கிற கேள்வி இரண்டே ரகம். "அண்ணா, சைலன்சரை மாத்துனா சத்தம் கெத்தா வருமா? பிக்கப் ஏறுமா?" இது ஒரு ரகம். பெரும்பாலும் பழைய பி.எஸ்.4 வண்டியை, அதாவது 2020க்கு முந்தைய புகை விதிப்படி வந்ததை, செகண்ட் ஹேண்டில் எடுத்த தம்பிகள். இன்னொரு ரகம், "சார், டி.பி.எஃப் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பட்டறையில அதைக் கழட்டிடலாம்னு சொல்றாங்க. செஞ்சுடலாமா?" டி.பி.எஃப் என்பது டீசல் புகையில் இருக்கும் கரித்துகளைப் பிடிக்கிற வடிகட்டி. இவர்கள் அடுத்து வந்த பி.எஸ்.6 விதியின் வண்டிக்காரர்கள், குடும்பஸ்தர்கள், சத்தமே ஆகாதவர்கள். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். வேண்டாம். ஆனால் காரணம் வேறு வேறு. தம்பியைக் கொஞ்சம் கிண்டல் பண்ணலாம். குடும்பஸ்தர் மேல் எனக்குப் பரிதாபம்தான், அதனால் இந்தப் பதிவில் அவருக்குத்தான் அதிக இடம்.

முதலில் சத்தம். பெட்ரோல் இன்ஜின் ஆறாயிரம், ஏழாயிரம் ஆர்.பி.எம் வரை ஏறிப் பாடும். கார் டீசல் நாலாயிரத்து ஐந்நூறு, மிஞ்சினால் ஐயாயிரத்தில் மூச்சை நிறுத்திக்கொள்ளும். போதாக்குறைக்கு இன்று ஓடுகிற டீசல் கார் அநேகமாக அத்தனையும் டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி உள்ளவை. சிலிண்டரை விட்டு வெளியே வரும் புகை முதலில் டர்போவின் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் குழாய்க்குள் நுழைகிறது, சத்தத்தின் கூர்மை அங்கேயே மழுங்கிவிடுகிறது. டீசலுக்கே உரிய அந்தக் கடகடப்பு இருக்கிறதே, அது சைலன்சர் வழியாக வருவதே இல்லை. சிலிண்டருக்குள் டீசல் சட்டென்று பற்றிக்கொள்ளும்போது ஏறுகிற அழுத்தம் இன்ஜின் பிளாக்கையே தட்டுவதால் வருவது அது. பின்னால் என்ன குழாயை மாட்டினாலும் பானெட்டுக்குள் அது அப்படியேதான் இருக்கும். ஆக, மஃப்ளரை, அதாவது சைலன்சர் டப்பாவை அறுத்து எறிந்தால் மிச்சம் கிடைப்பது ஒரு அடித்தொண்டை முனகல். தோட்டத்துக் கிணத்து மேட்டில் பழைய டீசல் பம்ப்செட் ஓடிக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதற்குப் பதினைந்தாயிரம் இருபதாயிரம் கொடுத்து குழாய் முனையில் பளபளவென்று ஒரு டிப் வேறு.

அந்த முனகலும் எங்கே வந்து உட்காரும் தெரியுமா? டாப் கியரில் இரண்டாயிரம் ஆர்.பி.எம்மை ஒட்டி. அதாவது ஹைவேயில் நாம் மணிக்கணக்காக வைத்து ஓட்டுகிற அதே இடத்தில். கம்பெனி சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் ரெசனேட்டரும் இந்த அலைவரிசையை அடக்கத்தான் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. அதை எடுத்துவிட்டு அவிநாசியில் ஏறி சேலம் போய்ச் சேருவதற்குள், பின் சீட்டில் இருக்கும் அம்மா "ஏங்கண்ணு, வண்டில என்னமோ போயிருச்சா?" என்று நாலு தடவை கேட்டுவிடுவார்.

அடுத்து பிக்கப். இந்த இடத்தில் நம்ம ஊர் பட்டறை ஞானம் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். "பேக் பிரஷர் கொஞ்சமாச்சும் இருக்கணும், இல்லேன்னா டார்க் போயிடும்" என்பார்கள். பேக் பிரஷர் என்றால் புகை வெளியேறுவதற்கு இருக்கும் தடை, டார்க் என்றால் இழுவிசை. டர்போ டீசலில் டர்போவுக்குப் பின்னால் தடை குறையக் குறைய நல்லதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். டர்பைன் சற்று சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும். ஆனால் அந்த லாபத்தை உங்கள் கையில் கொடுக்க இன்ஜினை ஆளுகிற கம்ப்யூட்டரான ஈ.சி.யு சம்மதிக்க வேண்டுமே? எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), எவ்வளவு டீசல் என்பதை முடிவு செய்வது அந்தப் பெட்டி. குறித்த பூஸ்ட் வந்ததும் அது மிச்சப் புகையை டர்பைனுக்குப் போகவிடாமல் வேஸ்ட்கேட் என்ற பக்கவழியில் திருப்பிவிடும், டீசல் அளவையும் கூட்டாது. இந்தியாவில் முக்கால்வாசிப் பேருக்குப் பழக்கமான 1.3 மல்டிஜெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்டில் 1248 சிசி, 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். இரண்டாயிரத்துக்குக் கீழே தூங்கும், தாண்டினால் துள்ளும். அந்தத் தூக்கத்துக்குக் காரணம் டர்போவும் அதற்கேற்ப ஈ.சி.யுவுக்குள் எழுதிய மேப் என்ற கணக்கும். எங்கோ தள்ளி வால் பக்கம் தொங்குகிற டப்பாவை மாற்றி அந்தத் தூக்கத்தைக் கலைக்க முடியாது.

"அப்ப ரீமேப் பண்ணிக்கிறேன்" என்பார் தம்பி. பண்ணலாம், டார்க் நிஜமாகவே ஏறும். ஏறிய டார்க்கை முதலில் வாங்குவது கிளட்ச், அடுத்து டூயல் மாஸ் ஃப்ளைவீல். அதைவிட எனக்குக் கவலை மலைதான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிசு. மேட்டுப்பாளையத்தில் கிடைத்த அதே பூஸ்ட்டை அங்கே கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். கம்பெனி மேப்பில் உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட்டைக் குறைத்து டர்போவைக் காப்பாற்ற ஒரு ஏற்பாடு இருக்கும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தாவது பார்க்கிறார்கள்? "குன்னூர் ஏறிப் பார்த்து டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

சரி, தம்பியை விடுவோம். டி.பி.எஃப் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பட்டறையில் டி.பி.எஃப் ஒன்றைக் குடைந்து எடுத்ததை நேரில் பார்த்தேன். கழட்டிய டப்பாவைக் கிரைண்டரில் நீளவாக்கில் அறுத்து, உள்ளே இருந்த தேன்கூடு மாதிரியான செராமிக்கைக் கடப்பாரை முனையால் குத்திக் குத்திக் கொட்டினார்கள். மையைவிடக் கறுப்பாகத் தூள். தொட்டால் தொட்டதே தெரியாத அளவுக்கு மென்மை. ஃபேன் காற்றில் அது எழும்பி ட்யூப்லைட் வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. கீழே கிடந்ததை வேலைக்கு நிற்கிற பையன் வெறுங்கையால் அள்ளி பக்கெட்டில் போட்டான், முகத்தில் ஒரு கர்சீப்கூட இல்லை. பிறகு காலி டப்பாவை வெல்டு வைத்து, மேலே சில்வர் பெயின்ட் அடித்து, பழைய இடத்திலேயே மாட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரியே இருக்கும்.

அந்தத் தேன்கூடு என்ன செய்கிறது? அதன் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு முனை அடைப்பு. ஆகவே புகை சுவரின் நுண்ணிய துளைகள் வழியாகக் கசிந்துதான் அடுத்த குழலுக்குப் போக முடியும். கரித்துகள் சுவரிலேயே தங்கிவிடும். பி.எஸ்.4 காலத்தில் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் விடலாம் என்று இருந்தது. 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ்.6 வந்தபோது அது 4.5 மில்லிகிராம் ஆனது. அந்தக் குறைப்பைச் சாத்தியமாக்கியதே இந்த டப்பாதான்.

தங்கிய கரியை எங்காவது எரித்துத் தீர்க்க வேண்டும். ஹைவேயில் ஓடும்போது சூட்டில் கொஞ்சம் தானாகவே எரியும். மீதியை எரிக்க இன்ஜின் தானே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளும். சிலிண்டரில் எரிதல் முடிந்த பிறகு தாமதமாகக் கொஞ்சம் டீசலைத் தெளித்து, அதைக் கேட்டலிஸ்டில் எரியவிட்டு, டி.பி.எஃப்பின் சூட்டை 600 டிகிரி பக்கம் கொண்டுபோய்க் கரியைச் சாம்பலாக்கும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். காந்திபுரம் சிக்னலில் பாதியிலேயே நிறுத்தி, ஆஃப் செய்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருக்கிறதே என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். ஏறியது டீசல்!

இப்போது சொல்லுங்கள், வீட்டிலிருந்து ஆபீஸ் ஆறு கிலோமீட்டர், வழியில் ஸ்கூல், சாயங்காலம் கோயில் என்று ஓட்டுகிறவருக்கு டீசல் காரை விற்றது யார் தப்பு? ஷோரூமில் "தினம் எவ்வளவு ஓட்டுவீங்க சார்?" என்று ஒரு வார்த்தை கேட்கிறார்களா? எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு, ரிட்டயர் ஆனவர், மாதம் முந்நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர், மைலேஜைச் சொல்லியே தள்ளிவிட்டார்கள். டெலிவரி அன்று சன்ரூஃபை எப்படித் திறப்பது என்று இருபது நிமிடம் பாடம். டி.பி.எஃப் பற்றி ஒரு வரி இல்லை. லைட் எரிந்ததும் சர்வீஸில் "புதுசு மாத்தணும் சார், லட்சத்தைத் தொடும்" என்றார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் கால்வாசிக் காசில் குடைந்து தருகிறேன் என்றால் மனுஷன் சபலப்படாமல் என்ன செய்வார்? அதனால்தான் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விற்றவர்கள் மேல்தான் கோபம்.

ஆனாலும் குடையக் கூடாது. ஏனென்றால் டி.பி.எஃப் சும்மா அடைபடுவதில்லை. சின்ன ஓட்டம் ஒரு காரணம். அது இல்லாமல், இன்ஜெக்டர் ஒழுகலாம். புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கலாம். டர்போ ஹோஸில் கீறல் இருக்கலாம். தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜின் போதுமான சூட்டுக்கே வராது, கரி எரிக்கும் வேலை தொடங்கவே தொடங்காது. நானூறு ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கத் தப்பான ஆயிலை ஊற்றினால் அதிலிருந்து வரும் சாம்பல் எரியாது, உள்ளேயே கெட்டியாகிவிடும். குறைந்த சாம்பல் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று மேனுவலில் போட்டிருப்பது இதற்காகத்தான். டப்பாவைக் குடைந்தால் இந்தக் கோளாறு ஒன்றும் சரியாகாது, தெரியாமல் போகும், அவ்வளவுதான். ஒழுகுகிற இன்ஜெக்டர் ஒருநாள் பிஸ்டனில் ஓட்டை போடும்போதுதான் தெரியும்.

குடைந்த பிறகு டி.பி.எஃப்புக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்தத்தை ஒப்பிடும் சென்சார் கூச்சல் போடும், வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். ஆகவே மென்பொருளையும் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தோடு வாரன்ட்டிக்கு ஒரு கும்பிடு. விபத்தில் இன்சூரன்ஸ்காரர் வண்டியைப் புரட்டிப் பார்த்தால் வேறு தலைவலி.

லைட் எரிந்தால் செய்ய வேண்டியது முதலில் ஒரு நல்ல ஓட்டம். மூன்றாவது நாலாவது கியரில் ஆர்.பி.எம்மை இரண்டாயிரத்துக்கு மேல் வைத்து அரை மணி நேரம் பைபாஸில் போய் வாருங்கள். அணையவில்லையா, ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கட்டாய ரீஜெனரேஷன், அதாவது கரி எரிக்கும் வேலையைச் செய்யச் சொல்லுங்கள், கூடவே எதனால் அடைத்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கழட்டிக் கழுவித் தருகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். புதிது வாங்குவது கடைசி.

"புகை டெஸ்ட்ல பாஸ் ஆகுதே சார்" என்பது அடுத்த வாதம். ஆகும்தான். நம் பி.யூ.சி. நிலையத்தில் டீசலுக்குப் பார்ப்பது புகை எவ்வளவு கறுப்பு என்று மட்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை அந்தக் கருவி எண்ணாது, நைட்ரஜன் ஆக்சைடை அளக்காது. பெல்ஜியத்தில் 2022இலும் நெதர்லாந்தில் 2023இலும் துகளையே எண்ணும் கருவியைச் சோதனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், குடைந்த வண்டி அங்கே சில நொடிகளில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் முகமை 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் டிரக்குகளில் இப்படிக் கைவைத்திருக்கிறார்கள். அவை வெளிவிடும் கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் ஐந்து லட்சத்து எழுபதாயிரம் டன்னுக்கு மேல். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இதைச் சொன்னால் "லாரி, பஸ் விடாத புகையா?" என்று ஒருவர் வருவார். லாரிக்காரர் பிழைப்புக்கு ஓட்டுகிறார் ஐயா, நீங்கள் காசு கொடுத்துக் கூட்டிக்கொள்கிறீர்கள். தவிர, குழாயை வால்வரை கொண்டுபோகாமல் பாதியிலேயே வெட்டி விட்டவர்களின் வண்டியில் அந்தப் புகை கண்ணாடி இறக்கினால் திரும்பக் கேபினுக்குள்ளேதான் வரும், பின் சீட்டில் இருக்கிற பிள்ளைகள்தான் அதைச் சுவாசிப்பார்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. சத்தம், புகை வரம்பை மீறினால் தனியாகப் பத்தாயிரம் வரை. இதெல்லாம் புல்லட் சைலன்சரோடு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

துருப்பிடித்த மஃப்ளரை மாற்றுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அதே மாடலுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். இன்ஜின் ஆட்டத்தைத் தாங்குகிற ஃப்ளெக்ஸ் பைப்பை எடுத்துவிட்டு நேர்க்குழாயை வெல்டு வைக்கவிடாதீர்கள், சில மாதத்தில் வேறெங்காவது விரிசல் விடும். கழட்டிய ஹீட் ஷீல்டை "அது எதுக்குங்க, சும்மா தகடுதானே" என்று மூலையில் எறிவார்கள். நின்று பார்த்துத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அந்தத் தகட்டுக்கு மேலேதான் டீசல் லைனும் ஒயரிங்கும் போகிறது.

பழைய பி.எஸ்.6 டீசல் வாங்கப் போகிறவர்கள் ஒரு வெள்ளை டிஷ்யூவை விரலில் சுற்றி வால் குழாயின் உட்புறம் தேய்த்துப் பாருங்கள். டி.பி.எஃப் உயிரோடு இருக்கிற வண்டியில் டிஷ்யூவில் பெரிதாகக் கரி ஒட்டாது. மைபோல அப்பிக்கொண்டு வந்தால் வண்டியை லிஃப்டில் ஏற்றி, டப்பாவின் மேல் புது வெல்டு தழும்பும் சில்வர் பெயின்ட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள். புது டி.பி.எஃப் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.