ஆமாம் சேர், விண்டோஸ் 7தான்

அந்தப் போட்டோவை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் ஷெயாரும் பண்ணிவிட்டீர்கள். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். "கள விஜயம்" என்று, மலையகத்து மஸ்கெலியா டவுனில் நான் போட்டோ கொப்பி, நோட்டீஸ் அடிக்கிற கடைக்கு வந்த வளவாளர் சேர், கொம்பியூட்டர் திரையைப் படம் எடுக்கலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். எடுங்கள் சேர் என்றேன். பிளேன்டியும் சொல்லிக் கொடுத்தேன். இரவு பார்த்தால், "நூதனசாலைக்குப் போகவேண்டியது மஸ்கெலியாவில் இன்னும் ஓடுகிறது" என்று படம் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பரவாயில்லை. கோபமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஓடுகிறதென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிற விண்டோஸ் 7ஐ எதற்கு 11க்கு மாற்றச் சொல்கிறீர்கள்?

எனக்குப் புதுசு என்றால் பயம், படித்துக்கொள்ளச் சோம்பல் என்று கீழே சிலர் எழுதியிருந்தார்கள். நான் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் தொழில் பழகியவன். அதன் திரையில் வருகிற அந்தப் பச்சை மேட்டுப் படம் ஞாபகமிருக்கும். அது நுவரெலியாப் பக்கத்து அம்பேவெலவில் எடுத்ததுதான் என்று சத்தியம் பண்ணுகிற ஆட்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். 1996இல் சார்ல்ஸ் ஓ'ரியர் என்பவர் கலிபோர்னியாவில் எடுத்தது என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். அந்த எக்ஸ்பியை விட்டு மாறினவன்தான் நான். அடுத்து விண்டோஸ் விஸ்டா வந்தபோது தொடவில்லை. 2009 ஒக்டோபரில் 7 வந்தது, கொஞ்சக் காலம் மற்றவர்கள் பாவிப்பதைப் பார்த்துவிட்டு மாறினேன். ஏன் மாறினேன்? வேலை சுலபமானது. பிரிண்டரைச் செருகினால் அதுவே கண்டுபிடித்தது. யுனிகோட் தமிழ், அதாவது இன்டர்நெட்டில் எழுதுகிற தமிழ், ஒழுங்காகத் தெரிந்தது. விஜயா என்று ஒரு தமிழ் எழுத்துருவும் கூடவே வந்தது. பிரயோசனம் இருந்தது, மாறினேன். அவ்வளவுதான் கணக்கு.

பிறகு 2012இல் விண்டோஸ் 8 என்று ஒன்றை விட்டார்கள். ஸ்டார்ட் பட்டனையே காணோம். உலகமே திட்டியது. அடுத்த வருஷம் 8.1இல் பட்டனைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்குத் திட்டியவர்களை ஒருவரும் நூதனசாலைக்கு அனுப்பவில்லை. அவர்கள் அமெரிக்காவில் இருந்து திட்டினார்கள், அதனால் அதற்குப் பெயர் "பயனர் கருத்து". நான் மஸ்கெலியாவில் இருந்து சொன்னால் அறியாமை.

சரி, 11க்கு வருவோம். என்னுடையது இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப். நாலு ஜிபி ரெம். விண்டோஸ் 11க்கு ஆகக் குறைந்தது நாலு ஜிபி போதும் என்று மைக்ரோசொப்டே சொல்கிறது. ஆனால் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டுமாம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பும் வேண்டுமாம். என் மெஷின் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. மழைக்காலத்தில் மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், ஸ்கேனர் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும், விடிய வந்து முதலில் அதைத்தான் துடைக்க வேண்டும். அந்த ஈரத்தில் புதுசாக வாங்கின மெஷின்கள் மதர்போர்ட் போய்ப் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். இது படுக்கவில்லை. ஆனால் அவர்களின் பட்டியலில் இதன் பெயர் இல்லையாம், ஆகவே குப்பையாம்.

"அப்படியென்றால் 10 போட்டிருக்கலாமே" என்றார் ஒரு தம்பி. போட்டிருக்கலாம். போட்டிருந்தால் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி மைக்ரோசொப்ட் சாதாரண அப்டேட்டை நிறுத்தி அதற்கும் காரியம் முடிந்திருக்கும். இன்றைக்கு 10 வைத்திருப்பவர்களும் என்னோடு நூதனசாலை வரிசையில் நிற்க வேண்டியதுதான். முன்னுக்கு வாருங்கள் தம்பி, இடம் இருக்கிறது.

யாரும் கேட்காத விஷயம் ஸ்கேனர். படத்தில் ஓரமாகத் தெரிகிறதே, அதுதான். அதை ஓட்டுகிற மென்பொருள், டிரைவர் என்பார்கள், பழைய 32-பிட் விண்டோஸுக்கு மட்டும்தான் உண்டு. செய்த கம்பனி 64-பிட்டுக்கு எழுதவே இல்லை. விண்டோஸ் 11இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட் டிரைவரை அதில் ஏற்ற முடியாது. ஆக, சேர் சொன்னபடி நான் "சும்மா ஒரு அப்கிரேட்" பண்ணினால் முதலில் மெஷின் போகும், பின்னால் ஸ்கேனர் போகும். பழைய லேசர் பிரிண்டரும் பிறகு தகராறு பண்ணும். புது லெப்டொப் ஒன்று லட்சத்துக்கு மேலே. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனபோது ஏறின விலை அது, இறங்க மனமில்லாமல் அங்கேயே நிற்கிறது. யார் தருவது? ஒரு போட்டோ கொப்பிக்கு நான் எவ்வளவு எடுக்கிறேன் என்று சேர் கேட்கவே இல்லை. இங்கே தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வருவதற்கே வருஷக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள், 2021இல்தான் வந்தது. அந்தக் கையில் இருந்துதான் எனக்குக் காசு வருகிறது. லெப்டொப் வாங்கினேன், ஆகவே கொப்பி விலையைக் கூட்டுகிறேன் என்று நான் யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது?

2022ஐப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்கள் ஞாபகமிருக்கும். லக்ஷபான, கென்யன் மின்நிலையங்கள் எங்கள் மலைத் தண்ணீரில்தான் சுற்றுகின்றன, இருட்டில் உட்கார்ந்ததும் நாங்கள்தான், அது வேறு கதை. ஒரு நாள் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். அப்பா தவறிவிட்டார், மறுநாள் எடுக்கிறார்கள், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் வேண்டும். படம்? படம் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் உழைத்த மனுஷனுக்கு ஒரு நல்ல படம் இல்லை. அடையாள அட்டைதான் இருந்தது. பழைய லேமினேட் அட்டை, நடுவில் மடிந்து, அந்த மடிப்புக் கோடு சரியாக நெற்றியின் குறுக்கே போகிறது. கரண்ட் வந்து ஒரு மணித்தியாலம்தான் இருக்கும் என்று அட்டவணை சொல்கிறது. மெஷினைப் போட்டேன், எழுந்தது. அட்டையை வைத்து ஸ்கேன் பண்ணினேன். கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தேன், கண்ணுக்குக் கிட்டே வரும்போது கை நடுங்கியது, ஏனென்றால் அந்த இடத்தில் பிசகினால் முகம் வேறு ஆளாகிவிடும். பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கரில் பெட்டி போட்டு, பழைய பாமினி எழுத்துருவில் பெயர் அடித்து, ஏ4இல் நாலாக வைத்து, கரண்ட் போகிறதுக்கு முன்னால் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அதே நேரம் டவுனில் இன்னொரு கடையில் புது லெப்டொப். பையன் முதலில் அங்கேதான் போனான். அது "அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்று சுற்றிக்கொண்டிருந்ததாம். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவரும் பாவம் நின்றுகொண்டிருந்திருப்பார். ஆனால் ஒரு மரண வீட்டுக்காரனை "கொஞ்சம் இரு" என்று சொல்கிற மெஷினை எனக்கு முன்னேற்றம் என்று சொல்லாதீர்கள்.

பாமினியைப் பற்றியும் நக்கல் வந்தது. "இன்னுமா பாமினி?" ஆமாம், இன்னும்தான். எம்மைத் தட்டினால் அ, கேயைத் தட்டினால் ம. என் விரலுக்கு அது தெரியும், என்னைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். கோயில் திருவிழா நோட்டீஸ், சாமத்திய வீட்டுக் கார்ட், வருஷாவருஷம் உபயகாரர் பட்டியல் எல்லாம் பாமினியில்தான் கிடக்கின்றன. யுனிகோட் தெரியாமல் இல்லை, இந்தப் பதிவையே யுனிகோடில்தான் எழுதுகிறேன். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001இல் வந்தது, அதற்குப் பிறகு அடோபி அதை வளர்க்கவே இல்லை. புது விண்டோஸிலும் அதை ஓடவைக்கலாம் என்று சொல்கிறார்கள். ஓடவைக்கலாம். எனக்கு ஓடவைக்கத் தேவையில்லை. அது ஏற்கெனவே ஓடுகிறது என்றுதானே மேலேயிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இப்போது பாதுகாப்பு. இதைத்தான் எல்லாரும் பெரிசாகத் தூக்கினீர்கள். 2020 ஜனவரி 14ஓடு மைக்ரோசொப்ட் 7க்குச் சாதாரண ஆட்களுக்கான அப்டேட்டை நிறுத்திவிட்டது. தெரியும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற வன்னாகிரை வந்தபோது அகப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 மெஷின்கள். அதுவும் தெரியும். ஆனால் அந்த ஓட்டையை அடைக்கிற பட்ச் அதே வருஷம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். என் மெஷினில் போட்டேன். அதைவிட முக்கியம், இந்த மெஷினில் நெட் கேபிளே இல்லை. குரோம் 2023 பெப்ரவரியில் 110ஆம் பதிப்போடு 7ஐக் கைவிட்ட அன்றைக்கே கழற்றிவிட்டேன். ஈமெயில், வட்ஸ்அப் எல்லாம் போனில். வங்கி வேலைக்கு இதைத் தொடுவதில்லை. வீட்டில் இன்டர்நெட்டுக்கு ஒரே மெஷின் வைத்திருக்கிறவர் 7இல் இருங்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அவர் மாறத்தான் வேண்டும். நான் என் கடையைச் சொல்கிறேன்.

"பென் டிரைவ் வருமே, அதில் வைரஸ் வருமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரும். 7இலேயே பென் டிரைவைச் செருகினதும் தானாக ஓடுகிற ஓட்டோரன்னை நிறுத்திவிட்டார்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த கேள்வி.

அப்டேட் இருந்தால் எல்லாம் பத்திரம் என்று நினைக்கிறவர்களுக்கு 2024 ஜூலை 19 மறந்துபோயிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற கம்பனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன. விமானம் பறக்கவில்லை, ஆஸ்பத்திரிகளில் வேலை தடைப்பட்டது. அது மைக்ரோசொப்டின் அப்டேட் இல்லை, பாதுகாப்புக் கம்பனியினுடையது, எனக்கும் வாசிக்கத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் வழக்கம்போல நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். இதையும் சும்மா சொல்லி வைக்கிறேன்.

விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸைப் போடச் சொல்கிற தம்பிகளே, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, உண்மையாகத்தான் சொல்கிறேன். நீங்கள் காசும் கேட்பதில்லை, நக்கலும் குறைவு. ஆனால் நான் போனில் கூப்பிட்டால் மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறி வருவீர்களா? வருகிறவர் முதலில் அந்த ஸ்கேனரை ஓடவைத்துக் காட்டட்டும். பிறகு பேசுவோம்.

இன்னொன்று. திரையைப் படம் எடுத்த சேர் கீழே குனிந்து சிபியுவின் பக்கத்தையும் எடுத்திருக்கலாம். அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் 7 ப்ரொபெஷனல், ஒரிஜினல் லைசென்ஸ். ஒரு அலுவலகம் கழித்துவிட்ட மெஷினை வாங்கினேன், லைசென்ஸோடு வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உங்கள் 11 எந்த வழியாக வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐநூறு ரூபாவுக்கு யாரோ ஒரு பையன் போட்டுக் கொடுத்ததா? கமெண்டில் எழுதத் தேவையில்லை.

உண்மையைச் சொன்னால் மெஷினைச் சொன்னது அவ்வளவு சுடவில்லை. "மஸ்கெலியாவில்" என்று போட்டதுதான் சுட்டது. கொழும்பில் பழைய மெஷின் இல்லையா? அரசாங்கக் கந்தோர்களுக்குள் போய்ப் பார்த்ததில்லையா? அங்கே இருந்தால் அது பட்ஜெட் பிரச்சினை. இங்கே இருந்தால் எங்கள் புத்திப் பிரச்சினை. தோட்டக்காட்டான் என்று இப்போது நேராக யாரும் சொல்வதில்லை, படித்தவர்கள் ஆயிற்றே. படம் எடுத்துப் போடுகிறார்கள்.

மாற்றத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்க வந்தீர்கள் சேர். போகிற வழியில் மவுஸ்ஸாக்கலைக் குளத்தைப் பார்த்திருப்பீர்கள், செல்பி எடுத்திருப்பீர்கள். பழைய மஸ்கெலியா டவுன் அதற்குள்தான் இருக்கிறது. அறுபதுகளில் அணை கட்ட டவுனையே மேலே தூக்கி வைத்தார்கள். தண்ணீர் வற்றினால் பழைய கோயில் இன்னும் தலை காட்டும். என் தாத்தா அந்தப் பழைய டவுனில் அரிசி வாங்கினவர். ஊரையே விட்டுக்கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்து கடை போட்ட சனத்தைப் பார்த்து "மாறத் தெரியாதவர்கள்" என்கிறீர்கள். கேட்டு மாற்றியிருந்தால் ஒருவேளை நாங்களும் சிரித்துக்கொண்டே மாறியிருப்போம். எங்களை யார் கேட்டார்கள்? இப்போதும் அதே கதைதான். எந்த மெஷின் இருக்கலாம், எது போகவேண்டும் என்று எங்கேயோ இருக்கிறவர் முடிவெடுப்பார், காசு மட்டும் நாங்கள் கட்ட வேண்டும்.

சரி, விஷயத்தை விட்டு எங்கேயோ போய்விட்டேன். மெஷின் ஓடாமல் போகிற அன்றைக்கு மாற்றுவேன். அதை நான் சொல்வேன், நீங்கள் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, அந்தப் போட்டோவுக்கு ஹாஹா போட்டவர்களின் பட்டியலை முழுக்கப் பார்த்தேன். தெரியாத ஆட்கள் சிரித்ததில் வருத்தமில்லை. அதில் ஒருவர் எங்கள் டவுன்காரர், நண்பர். பெயர் சொல்ல மாட்டேன், படித்துக்கொண்டிருப்பார். தம்பி, உங்கள் அக்காவின் கலியாணக் கார்ட் இதே விண்டோஸ் 7இல், இதே பாமினியில் அடித்ததுதான். மாப்பிள்ளையின் பெயரை ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணித் திருத்தச் சொன்னீர்கள், திருத்திக் கொடுத்தேன். அந்தக் கார்ட்டுக்கு மிச்சக் காசு இன்னும் வரவில்லை. கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்.