மெய்டன் வாசித்த அந்த ஐந்து புதுப் பாட்டுகள்

இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரிப் பயணத்தில் முதல் ஒன்பது ஆல்பங்களின் பாட்டுகள் மட்டும்தான். 1980இல் வந்த முதல் ஆல்பத்தில் தொடங்கி 1992 வரைக்கும். அதோடு சரி. அதற்குப் பிறகு எட்டு ஆல்பம் போட்டிருக்கிறார்கள், அவற்றிலிருந்து ஒரு பாட்டுகூடக் கிடையாது. மெட்டல் கேட்கிற என் நண்பர்கள் எல்லோரும் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். என்னால் முழு மனதோடு அதில் சேர முடியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பழைய கதை கொஞ்சம் பேச வேண்டும்.

1993. சேலத்தில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் இன்ஜினியரிங் படித்த அத்தை மகன் லீவுக்கு வந்தபோது ஒரு 90 நிமிட கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்', மறுபக்கம் 'பீஸ் ஆஃப் மைண்ட்'. இரண்டாவது ஆல்பம் ஒரு பக்கத்துக்குள் அடங்காது. கடைசிப் பாட்டு முடிவதற்குள் டேப் தீர்ந்து டக்கென்று நின்றுவிடும். அந்தப் பாட்டின் முடிவை நான் கேட்டது பல வருடம் கழித்து, சிடி வாங்கிய பிறகுதான்.

எங்கள் தெருவிலோ பள்ளியிலோ இந்த இசை கேட்கிற இன்னொரு ஆள் கிடையாது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் அதே 1993இல் குழுவை விட்டு விலகிவிட்டார் என்ற செய்தியே எனக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆனது. 1999இல் அவர் திரும்பினார், பழைய கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் கூடவே வந்தார். டேவ் மர்ரே, யானிக் கெர்ஸ் இருவரும் ஏற்கெனவே இருந்ததால் அன்றிலிருந்து மூன்று கிட்டார். என்றைக்காவது இவர்களை நேரில் பார்ப்பேன் என்று நினைத்தது இல்லை. நம் பக்கம் யார் வரப்போகிறார்கள்?

வந்தார்கள். 2007 மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். மெய்டன் இந்தியாவில் வாசித்த முதல் கச்சேரி. சேலத்திலிருந்து தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் என்னை அடித்தது அந்தக் கூட்டம்தான். எட்டிய தூரம் வரை கறுப்புச் சட்டை. எல்லாச் சட்டையிலும் மெய்டனின் சின்னமான 'எட்டி' என்ற பேயுருவத்தின் முகம். பதினாலு வருடம் வீட்டுக்குள் ஒற்றையாக உட்கார்ந்து கேட்டவனுக்கு அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. கவுகாத்தியிலிருந்து ரயிலில் வந்த பையன்களைப் பார்த்தேன். கேரளத்திலிருந்து சிலர் வேன் எடுத்து வந்திருந்தார்கள். பேர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் தோளில் கைபோட்டுக்கொண்டோம். முதலில் தில்லியின் பரிக்ரமா குழு வாசித்தார்கள், பிறகு மெய்டனில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ் பாடினார். வெயில் இறங்கியது.

அப்புறம் அவர்கள் மேடைக்கு வந்தார்கள்.

முதல் பாட்டு புதுசு. இரண்டாவதும் புதுசு. மூன்றாவதும் புதுசு. மூன்றுமே முந்தைய ஆண்டு வந்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பத்திலிருந்து. பத்துப் பாட்டு, 72 நிமிட ஆல்பம் அது. நானும் வாங்கியிருந்தேன். இரண்டு முறை கேட்டுவிட்டு நீளமாக இருக்கிறது, மெதுவாக இருக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டேன். பதினாலு வருடம் காத்திருந்து வந்தால் முதல் இருபது நிமிடமும் அதே ஆல்பம். உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

மூன்றாவது பாட்டின்போதுதான் பக்கத்தில் நின்ற பையனைக் கவனித்தேன். பதினெட்டு வயது இருக்கும். அது அணுகுண்டைப் பற்றிய பாட்டு. ஆயிரம் சூரியன்களைவிடப் பிரகாசம் என்பது தலைப்பு. விசுவரூபத்தின் ஒளிக்குக் கீதை சொல்லும் உவமை, அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமரின் பெயரோடு சேர்ந்து உலகம் முழுக்கப் போனது, இங்கிலாந்துக்காரர்களின் பாட்டாகி நம் மண்ணுக்கே வந்து ஒலிக்கிறது. அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் பாடிக்கொண்டிருந்தான். தாளம் மாறுகிற இடமெல்லாம் அவன் தலை முன்கூட்டியே மாறியது. பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் ஈரம். "அண்ணா, நான் முதன்முதலா கேட்ட ஆல்பம் இது" என்றான். ஓசூர்ப் பையன்.

எனக்கு அந்தக் கேசட்டில் இருந்த 1982 ஆல்பம் 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' எதுவோ அது அவனுக்கு 2006 ஆல்பம். இவ்வளவுதான் விஷயம். அவன் அந்தக் குழுவின் வீட்டுக்குள் வந்த வாசல் அது. நான் வந்த வாசலை மட்டும் திறந்து வைத்து மற்றதைச் சாத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இன்னொன்றும் அன்றைக்குப் பார்த்தேன். 'ஃபியர் ஆஃப் த டார்க்' தொடங்கியதும் கிட்டார் மெட்டையே மைதானம் மொத்தமும் வாயால் பாடியது. சொல் இல்லாத வெறும் மெட்டு, ஓஓ என்று. குழு வாசிப்பதை நிறுத்தியிருந்தால்கூட அந்தப் பாட்டு தானாக நடந்திருக்கும். என் வாழ்க்கையில் கேட்ட மிகப் பெரிய சத்தம் அது, அதில் என் குரலும் இருந்தது. ஆனால் 'ஃபார் த கிரேட்டர் குட் ஆஃப் காட்' அப்படி இல்லை. ஒன்பது நிமிடப் பாட்டு. கடவுள் பேரால் நடக்கிற போரைப் பற்றி ஸ்டீவ் ஹாரிஸ் எழுதியது. சபாவில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீன் பக்கம் எழுந்து போவார்களே, அதுபோலப் பலர் தண்ணீர் தேடிப் போனார்கள். நின்றவர்களை இழுத்துப் பிடிக்க அந்த ஆறு பேரும் வாசித்தார்கள் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். ஹாரிஸ் மேடை விளிம்பில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மேல் காலை ஊன்றி ஒவ்வொரு வரியையும் தானும் வாயசைத்தபடி பேஸ் வாசித்தார். டிக்கின்சன் ஓடுவதை நிறுத்திவிட்டு நின்று பாடினார். பழைய பாட்டுகளில் பாதி வேலையை நாம் செய்துவிடுகிறோம். புதுப் பாட்டில் எல்லாவற்றையும் அவர்களே சம்பாதிக்க வேண்டும். அந்த வயதிலும் அவர்கள் அதற்குத் தயாராக இருந்தார்கள். அன்றைய பதினைந்து பாட்டுகளில் ஐந்து புதுசு.

கடைசியாக 'ஹாலோட் பி தை நேம்'. தூக்குமேடைக்குப் போகிறவன் பாடும் பாட்டு. மணியோசையில் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அழுதேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வராது.

2009 பிப்ரவரியில் அதே மைதானத்தில் மறுபடி பார்த்தேன். 'ஃபியர் ஆஃப் த டார்க்' தவிர எல்லாமே எண்பதுகளின் பாட்டுகள். ஒரு குறையும் சொல்ல முடியாத கச்சேரி. தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் என்ன வரப்போகிறது, எந்த இடத்தில் கை தூக்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. இன்றைக்குத் திடீரென்று நினைவு வந்து நிற்பது 2007தான்.

"டிக்கெட்டுக்கு இவ்வளவு செலவு செய்து போகிறோம், இதுவே கடைசித் தடவையாக இருக்கலாம், பிடித்ததைக் கேட்கக் கூடாதா" என்று நண்பர்கள் கேட்பது நியாயம்தான். காத்திருந்தவனுக்கு அது தெரியும். பழையதை வாசிக்கவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போவது நான்தான். ஆனால் இதற்கு முந்தைய பயணத்தைப் பாருங்கள். 1986 ஆல்பத்தையும் 2021இல் வந்த 'சென்ஜுட்சு'வையும் பக்கம்பக்கமாக வைத்தார்கள். மேடையில் ஒருமுறைகூட வாசிக்காத 'அலெக்சாண்டர் த கிரேட்' பாட்டை 37 வருடம் கழித்து வாசித்தார்கள். டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்னுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் பாதித்தது. சில மாதத்தில் மீண்டு வந்து, எழுபது வயதில், அந்தப் புதுப் பாட்டுகளையும் சேர்த்துத்தான் வாசித்தார். 2024 டிசம்பரில் சாவோ பாலோவில் அவர் மேடையிலிருந்து விடைபெற்றார். அப்படிப்பட்ட உழைப்பை நாமே "போதும், பழசு மட்டும் போடுங்கள்" என்று ஒதுக்குவது எனக்கு வலிக்கிறது. 'சென்ஜுட்சு' கேட்டு உள்ளே வந்த ஒரு பையன் இந்தப் பயணத்தில் எங்காவது நின்றிருப்பான். அவனுடைய பாட்டு வரவில்லை.

2007இல் அன்றைக்குக் கச்சேரி முடிந்து மெஜஸ்டிக் பஸ் நிலையம் வந்தபோது டீக்கடை டிவி முன்னால் பெரிய கூட்டம். உலகக் கோப்பையில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 191க்குச் சுருண்டிருந்தது. எல்லோர் முகத்திலும் இழவு வீட்டுக் களை. எனக்குக் குரலே போய்விட்டிருந்தது. சேலம் டிக்கெட்டை எழுதிக் காட்டித்தான் வாங்கினேன். ஓசூர் தாண்டியதும் பையிலிருந்து சிடி பிளேயரை எடுத்து, இரண்டு முறை மட்டும் கேட்டு எடுத்து வைத்திருந்த அந்த ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். கிருஷ்ணகிரி தாண்டி ஆல்பம் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டேன்.