அட்டாலி நிறைய எளிமை

வெளிநாடு கிளம்புகிறவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு, வெறும் ஹாலைப் படம் எடுத்துப் போட்டு, கீழே "இனி மினிமலிசம்தான்", அதாவது குறைந்த சாமானோடு எளிமையான வாழ்க்கைதான், என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படுகிறது. எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் ஒரே கேள்விதான் வரும். அந்தச் சாமானெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?

நான் பார்த்தவரை முக்கால்வாசி அப்பா அம்மா வீட்டில் இருக்கிறது. கோபிப் பக்கமும் உடுமலைப் பக்கமும் எங்கள் சொந்தத்திலேயே இப்படி வீடுகள் உண்டு. வயதான இரண்டு பேர் இருக்கிற வீட்டில் மூன்று பீரோ, இரண்டு ஃபிரிட்ஜ். அதில் ஒரு ஃபிரிட்ஜுக்குக் கரண்டே கிடையாது. உள்ளே பழைய பாஸ்புக்கும் கல்யாணப் பத்திரிகைகளும் அடுக்கியிருக்கும். அட்டாலியில், அதாவது மேல் பரணில், டிவி அட்டைப்பெட்டி, தொட்டில், ட்ரெட்மில்லின் ஒரு பாகம். போர்ட்டிகோவில் கவர் போட்டு மூடிய கார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று எழுபதைத் தாண்டிய பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கவரைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் உறுமவிட்டு, மறுபடி கவரைப் போட்டுக் கயிறு கட்டுகிறார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இதற்குப் பெயர் எளிமையா? பையன் சுமையை இறக்கிவிட்டான், சரி. பெரியவர் தலையில்தானே இறக்கியிருக்கிறான்.

இப்போது நாங்களும் அந்த வரிசையில் நிற்கிறோம். வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை. டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோ பெட்டி ஒன்று, கையில் ஒரு சின்னப் பை. கப்பலில் அனுப்பவும் வழி இருக்கிறது. ஆறு மாதமாவது நாம் வைத்துப் புழங்கிய வீட்டுச் சாமானைக் குடிபெயரும்போது கொண்டுபோனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்கவரி விலக்கு உண்டு. ஆனால் கப்பல் கூலி கொடுத்துக் கொண்டுபோகிற அளவுக்கு எங்கள் சோஃபாவில் ஒன்றும் இல்லை.

அதனால் முதலிலேயே ஒரு முடிவு எடுத்தோம். பெரியவர்களாக வாய்விட்டுக் கேட்டால் ஒழிய, எதுவும் அவர்கள் வீட்டுக்குப் போகாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை. கிரைண்டர் வேண்டுமா என்று அத்தையிடம் ஃபோனில் கேட்டேன். "எங்கிட்ட ஒண்ணு இருக்குது அம்மிணி. பெரியவன் போறப்ப உட்டுட்டுப் போனது ஒண்ணு இருக்குது. மூணு கிரைண்டர்ல மாவாட்டி நானென்ன இட்லிக் கடையா வெக்கப் போறேன்?" என்றார். அவருடைய மூத்த பையன் கிரைண்டரை இறக்கி வைத்தபோது ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "வண்டியே வாசல்ல வந்து நின்னுருச்சு, அப்பறம் என்னத்தச் சொல்றது" என்றார்.

எங்கள் அம்மா வேறு மாதிரி. தையல் மெஷினைக் கேட்டார். அது அவர் எனக்குக் கொடுத்ததுதான், போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் பையனுடைய சைக்கிளையும் கேட்டார். "லீவுக்கு வந்தா ஓட்டுவானே." அடுத்த லீவுக்குள் அவன் கால் அந்த சைக்கிளுக்கு அடங்காது என்று அம்மாவுக்கும் தெரியும். பொருள் இங்கே இருந்தால் ஆள் திரும்பி வரும் என்று ஒரு கணக்கு. அதை நான் கேலி செய்ய மாட்டேன். சைக்கிள் போகட்டும். ஆனால் அந்த ஒரு சைக்கிளைக் காட்டி, "அவங்களுக்கு இதெல்லாம் வெச்சுக்கறதுதான் சந்தோஷம்" என்று ஒரு லாரி சாமானை ஏற்றி அனுப்புகிற சாமர்த்தியம் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

"திரும்பி வந்தால் மறுபடி எல்லாம் வாங்கணுமே" என்று கேட்பவர்கள் உண்டு. அஞ்சு வருஷம் ஓடாமல் கிடந்த வாஷிங் மெஷினின் ரப்பரும் ஃபிரிட்ஜின் கேஸ்கெட்டும் என்ன கதியில் இருக்கும் என்று எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேளுங்கள். காரை ஓட்டாமல் வைத்திருந்தாலும் இன்சூரன்ஸ் செலவு உண்டு. நாங்கள் கார் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டோம். அந்தக் காசுக்கு அங்கே வேலை இருக்கிறது. ஜெர்மனியில் வாடகை வீட்டுக்கு முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். அதைவிடப் பெரிய கூத்து, பல வீடுகளில் அடுப்பு, சிங்க், அலமாரி எதுவுமே இருக்காது. முன்பு இருந்தவர் சமையலறையையே கழற்றிக்கொண்டு போயிருப்பார். அங்கே சிங்க்கில் இருந்து வாங்க வேண்டிய ஆள், இங்கே பழைய கட்டிலைக் காவல் காக்க அப்பாவை நிறுத்துவதில் என்ன லாபம்?

ரொம்ப நாள் இழுத்தது சீர்ப் பாத்திரம்தான். எவர்சில்வர் குடத்தின் கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. பொள்ளாச்சி சித்தி, தேதி, "அன்புடன்". பாதிப் பாத்திரத்துக்கு இன்னும் தண்ணீர் படவில்லை; உள்ளே கடையில் வைத்த பேப்பர் அப்படியே இருக்கிறது. பெயர் வெட்டியதை எடைக்குப் போடக் கை வராது. அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அந்தப் பெண்ணும் நாளைக்கு எங்காவது விமானம் ஏறுவாள், குடம் அவள் அம்மா வீட்டு அட்டாலிக்குப் போகும். கடைசியில் சித்தியிடமே கேட்டேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் அன்னதானத்துக்குப் பாத்திரம் போதவில்லை, கொடுத்துவிடு என்றார். குடமும் போசியும் போய்விட்டன. சித்தி பெயரோடுதான்.

சாமானாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிடப் பெரிய சுமை ஓடிபி. சொந்தத்தில் ஒரு பையன் அவனுடைய இந்திய சிம்மை ஒரு பழைய ஃபோனில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அமெரிக்காவில் அவன் பகலில் பில் கட்டினால் இங்கே ராத்திரி. மனுஷன் கண்ணாடியைத் தேடி, ஆறு இலக்கத்தை ஒவ்வொன்றாகப் படிப்பதற்குள் நேரம் முடிந்து போகும். "இன்னொரு தடவ அனுப்பறேன்ப்பா." இது பல வருஷமாக நடக்கிறது.

அந்த வேலை எங்கள் வீட்டில் வேண்டாம் என்றுதான் கணக்குகளைக் குறைக்க ஆரம்பித்தோம். பழைய கம்பெனிகளின் சம்பளக் கணக்குகள், யாரோ தலையில் கட்டிய கிரெடிட் கார்டுகள் எல்லாவற்றையும் மூடியாயிற்று. வெளிநாட்டில் வேலைக்குக் குடிபோனால் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. பலர் கண்டுகொள்வதில்லை. பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு முதிர்வு வரை ஓடும், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பிக் கொடுத்தால் கட்டிய டெபாசிட் வரும். தெரிந்தவருக்கு "சும்மா வெச்சுக்கங்க" என்று விட்டுவிட்டு வந்தால் இணைப்பு நம் பெயரில்தான் நிற்கும். சிம் எங்களோடே வருகிறது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேண்டாத சாமானை எல்லாம் அவர்களிடம் தள்ளுவதும் அட்டாலியில் ஏற்றுகிற அதே புத்திதான். வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "லைன் வீட்ல தண்ணியே நாலு நாளைக்கு ஒருக்கா வருதுங்க, இத வெச்சு என்ன பண்றது" என்றார். அவருக்குத் தேவைப்பட்டவை இரும்புக் கட்டிலும் மிக்ஸியும். அதைவிட, நாங்கள் கிளம்புவதற்குள் இன்னொரு வீட்டில் வேலை. அபார்ட்மெண்டிலேயே அமைந்தது.

அவர் நின்ற பிறகு நாங்களே செய்து பழகுகிறோம். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கேர்வோகே என்று ஒரு வழக்கம் உண்டு. குடியிருப்பவர்கள் வாரம் மாற்றி வாரம் முறை வைத்து மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்தால் வாசலில் ஒரு அட்டை தொங்கும். இதைக் கேட்டதும் வீட்டுக்காரர் இப்போதே மாப் பிடித்துவிட்டார். ஏழாவது படிக்கும் பெண் அவளுடைய தட்டை மட்டும் கழுவுகிறாள், தம்பி தட்டு கணக்கில் வராதாம். பார்க்கலாம்.

நெய் கொண்டுபோக முடியாது என்பதை மட்டும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பால் பொருளும் இறைச்சியும் வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கு அது வேண்டாமாம். ஆனால் 23 கிலோவில் தேங்காயை யார் தூக்குவது?

வீட்டில் இன்னும் மிச்சம் இருப்பது ஒரு தேக்குப் புத்தக அலமாரியும் அந்த கிரைண்டரும். இரண்டு லிட்டர் டில்டிங், கல் நன்றாக இருக்கிறது. கோவை வடவள்ளி சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது வேண்டுமானால் இன்பாக்ஸில் வாருங்கள். வண்டி நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். உங்கள் அம்மா வீட்டுக்கென்றால், அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.